கழித்த ஆயிரம் ரீம்

கெய்சர் வீதி, கொழும்பு
20 ஜனவரி 1908

பிரியமுள்ள சிநேகிதர் சுவிசேஷமுத்துவுக்கு, அகமது மீரான் ஸலாம் சொல்லி எழுதுவது.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகம். நீரும் எலிசபெத் அம்மாளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீர் அனுப்பிய அச்சுக்கூடப் பஞ்சாங்கம் வந்து சேர்ந்தது. துலுக்கனுக்கு வேதக்காரர் பஞ்சாங்கம் எதற்கு என்று கடையில் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எது என்று இவ்வளவு பெரிய எழுத்தில் வேறு யாரும் போடுவதில்லை என்று சொல்லிச் சுவரில் மாட்டிவிட்டேன்.

இப்போது ஒரு காரியமாக எழுதுகிறேன். நான் கணக்கெழுதும் இந்தக் காகிதக் கடையின் முதலாளிக்குக் கிளை திறக்கும் ஆசை வந்திருக்கிறது. ஒன்று, தேயிலைத் தோட்டங்களை நம்பிக் கண்டியில் திறப்பது. இல்லாவிட்டால் கடல் தாண்டித் திருநெல்வேலியில். "இந்தியாவிலே காகிதம் ஏறுதா, சிலோனிலே ஏறுதா, பத்து வருஷத்தைப் பக்கத்துப் பக்கத்திலே எழுதிக் காட்டு" என்று என்னிடம் சொல்லிவிட்டார். சிலோன் பக்கத்தைச் சுங்க அறிக்கையைப் பார்த்து நான் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் ஜில்லாவுக்கு எனக்கு யார் இருக்கிறார்கள்? மிஷன் அச்சுக்கூடத்துக் காகித ஸ்டோரைப் பதினைந்து வருஷமாகக் கட்டிக் காக்கிற உம்மை விட்டால் ஆள் இல்லை. 1898 முதல் 1907 வரை வருஷா வருஷம் எத்தனை ரீம் காகிதம் என்று விசாரித்து அனுப்பும்.

இதில் என் சுயநலத்தையும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி என்று முடிவானால் அந்தக் கிளைக்கு என்னைத்தான் அனுப்புவதாக முதலாளி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். நான் மேலப்பாளையத்தை விட்டு வந்து ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. கப்பலேறும்போது ஹமீது பீவிக்கு ஏழு மாசம். பிறந்த பெண் ஜைனம்பு இப்போது ஓடி விளையாடுகிறாளாம். அவள் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. பீவி எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் எப்போது வருவீர்கள் என்றுதான் கேட்கிறாள். அதற்கு உம் கணக்கு பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உம் பிரிய சிநேகிதன்,
அகமது மீரான்


பாளையங்கோட்டை
8 மே 1908

அன்பு மீரானுக்கு, சுவிசேஷமுத்து எழுதியது. கர்த்தர் இதுவரை எங்களைக் காத்துவந்தார். உம்மையும் காப்பாராக.

மூன்று மாதமாகப் பதில் இல்லை என்று கோபித்திருப்பீர். மார்ச்சு மாதம் இங்கே நடந்த கலவரத்தைப் பத்திரிகையில் வாசித்திருப்பீர். திருநெல்வேலியில் முனிசிபல் ஆபீஸுக்கே தீ வைத்துவிட்டார்கள். பல நாள் நான் பாலம் தாண்டி டவுனுக்குப் போகவில்லை. பிறகு போனபோது ரதவீதியில் கணக்கு நோட்டு விற்கும் கருத்தையா அண்ணாச்சி, "எரிஞ்ச ரிஜிஸ்தருக்கெல்லாம் புதுசு வாங்குதான் வே. அதையும் ஒம்ம கணக்குல சேத்துக்கிடும், கொழும்புக்காரன் வாயப் பொளந்திருவான்" என்றார். நல்ல வேளை, நம் கணக்கு 1907இல் நின்றுவிடுகிறது.

அவரிடம் விவரம் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. "நான் எத்தன நோட்டு விக்கேன்னு அவனுக்கு எதுக்குவே சொல்லணும்? இங்கன கட போட்டு என் சோத்துல மண்ணள்ளிப் போடவா?" என்று ஒரே பிடியாக இருந்தார். வரப்போவது மேலப்பாளையத்து மீரான்தான் என்று சொன்னதும், "அட, நம்ம மரைக்கார் மருமவனா?" என்று இறங்கிவந்தார். தூத்துக்குடித் துறைமுக ஆபீஸில் சங்கரசுப்பிரமணியன் என்று ஒரு குமாஸ்தா. ரிஜிஸ்தரை என் கையில் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து அவரே வாசித்தார். நான் எழுதிக்கொண்டேன். மனுஷனுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

கடைகள், கோர்ட்டு, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து பத்து வருஷமாக ஏறக்குறைய ஒரே மட்டம். இங்கே பழைய ஆட்கள் இன்னும் ஓலையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பலசரக்குக் கடைக்காரர்களுக்கோ கொழும்பிலிருந்து வரும் பழைய இங்கிலீஷ் பத்திரிகையே போதும். ஆகையால் ஏற்றமோ இறக்கமோ, அதைக் காட்டுகிறவை அச்சுக்கூடங்கள்தான். அவற்றில் பெரியது எங்களுடையது. அதைப் பற்றி ஒரு விஷயம் விளக்கவேண்டும்.

1898இல் நாங்கள் வாங்கியது தொள்ளாயிரம் ரீம். 1907இல் ஆயிரத்து அறுநூறு. இதை அப்படியே எழுதியிருந்தால் உமக்குச் சந்தோஷமாயிருக்கும். ஆனால் அச்சடித்ததையெல்லாம் இந்த ஊரில் யாரும் வாசிக்கவில்லையே. பஞ்சாங்கமும் பாட்டுப் புத்தகமும் வினாவிடையும் உங்கள் தோட்டக்காட்டுச் சபைகளுக்குக் கப்பலேறுகின்றன. 1898இல் அப்படிப் போனது இருநூறு ரீம். போன வருஷம் ஆயிரம் ரீம். சிலோனில் இருப்பவன் வாசித்துக் கிழிக்கும் காகிதத்தை இந்தியாவின் செலவு என்று எழுத என் மனச்சாட்சி இடம் தரவில்லை. ஆகவே அதை எங்கள் பக்கத்தில் கழித்து, உங்கள் பக்கத்தில் கூட்டிவிட்டேன். கழித்தபின் நாங்கள் எழுநூற்றிலிருந்து அறுநூற்றுக்கு இறங்கியிருக்கிறோம்.

உமக்கு இது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சிநேகிதனுக்காக எண்ணை வளைத்தேன் என்று பேர் வரக்கூடாது, மீரான். நேர்மையான கணக்குக்குக் கர்த்தர் நன்மையான பலன் தருவார். அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உம் அன்பன்,
சுவிசேஷமுத்து


கொழும்பு
30 ஜூலை 1908

பிரிய சிநேகிதருக்கு மீரான் ஸலாம்.

உம் அட்டவணை வந்தது. எவ்வளவு சிரமப்பட்டிருக்கிறீர் என்று அதைப் பார்த்தாலே தெரிகிறது. முதலாளி இரண்டு பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். இந்தியா இறங்குகிறது, சிலோன் ஏறுகிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். கண்டியில் கட்டிடம் பார்த்தாயிற்று. அடுத்த மாதம் என்னை அங்கே அனுப்புகிறார்.

உம்மேல் எனக்கு எள்ளளவும் குறை இல்லை. கணக்கு சொன்னதை முதலாளி கேட்டார், அவ்வளவுதான். ஹமீது பீவிக்கு இதை எழுத எனக்குக் கை வரவில்லை. நீரும் எலிசபெத் அம்மாளும் ஒரு நடை மேலப்பாளையம் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டால் பெரிய உபகாரம்.

அகமது மீரான்


பாளையங்கோட்டை
16 செப்டம்பர் 1908

அன்பு மீரானுக்கு,

போய்ச் சொல்லிவிட்டோம். உம் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். "சரி அண்ணாச்சி, அல்லா நாடல. ஒங்களுக்கு எதுக்கு இந்த வெயில்ல செரமம்" என்று எங்களுக்கே ஆறுதல் சொல்லி அனுப்பினாள். ஜைனம்பு எலிசபெத்தின் சேலையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். நெற்றியும் புருவமும் உம்மை உரித்துவைத்தது போலவே இருக்கிறது. இதை நீர் பார்க்காமல் நான் பார்ப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. இந்தச் சமயத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். நம் அட்டவணையைச் சூப்பரிண்டெண்டு துரை பார்த்துவிட்டு, எங்கள் மாதப் பத்திரிகையில் அப்படியே அச்சடித்துவிட்டார். "இரு தேசத்தின் காகித வர்த்தகம்" என்று தலைப்பு. கீழே என் பேர். வருஷக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, தனக்கு இஷ்டமானதை எழுதாமல் உண்மையை எழுதியவர் என்று சொன்னார். உமக்கு மறைப்பானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து எலிசபெத்திடம் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை.

கண்டியில் குளிர் அதிகம் என்கிறார்கள். நெஞ்சை மூடிக்கொண்டு படும்.

உம் அன்பன்,
சுவிசேஷமுத்து


பாளையங்கோட்டை
2 மார்ச் 1910

அன்பு மீரானுக்கு,

உம் கடிதம் கண்டு எட்டு மாதம் ஆகிறது. கண்டிக்குப் போனவர் கடுதாசிக் கடையில் இருந்துகொண்டே ஒரு கடுதாசிக்குப் பஞ்சப்படுகிறீர். முன்பெல்லாம் மாதம் தவறாது.

உம் வீட்டில் எல்லாரும் சுகம். மழைக்கு முன்னே கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றிக் கொடுத்தேன். உம் மாமனாருக்குக் கண் பார்வை குறைந்ததால் மிஷன் ஆஸ்பத்திரிக்கு நானே வண்டி வைத்துக் கூட்டிப்போனேன். வாரத்தில் இரண்டு நாள் எலிசபெத் போய் ஜைனம்புவுக்குத் தமிழ் எழுத்தும் கணக்கும் சொல்லித்தருகிறாள். கெட்டிக்காரி. "ஒங்களுக்கு எங்க மேல இம்புட்டுப் பிரியமா?" என்று உம் மனைவி கேட்டாளாம். எலிசபெத் அதை வந்து சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சின்னச் சந்தேகம். உங்கள் ஊர்ச் சுங்க அறிக்கையில், இங்கேயிருந்து வரும் அச்சடித்த புத்தகங்களை எந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள்? காகிதத்தோடு சேர்த்தா, தனியாகவா? சும்மாதான் கேட்கிறேன்.

கூடவே ஒரு பத்தமடைப் பாய் அனுப்பியிருக்கிறேன். மறுக்காமல் வாங்கிக்கொள்ளும்.

சுவிசேஷமுத்து


கண்டி
10 ஏப்ரல் 1910

பிரிய சிநேகிதருக்கு,

பாய் கிடைத்தது. இந்தக் குளிருக்கு அதை விரித்தால் ஐஸில் படுத்த மாதிரி இருக்கும் என்றாலும், ஊர் வாசனைக்காக மடித்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக்கு நீர் செய்வதையெல்லாம் பீவி எழுதியிருந்தாள். இவ்வளவு செய்யவேண்டாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இங்கே வியாபாரம் பரவாயில்லை. தோட்டத்தில் ஆளுக்கொரு பேர்ச் சீட்டு, நாளுக்கொரு செக்ரோல் என்கிற ஆஜர்ப் பட்டியல், தேயிலைப் பெட்டிக்கு லேபிள். மனிதரை விடக் காகிதம்தான் இங்கே அதிகம் வேலை செய்கிறது. நம் ஊரில் ஒரு வாய்ச்சொல்லில் முடிகிற காரியத்துக்கு இங்கே மூன்று நகல் வேண்டும். பாதிக்கு மேல் இங்கிலாந்துக் காகிதம். ஆஸ்திரியாச் சரக்கும் வருகிறது. இந்தியா மில் காகிதத்தை இங்கத்திய துரைமார் தொடமாட்டார்கள். பழுப்பாக இருக்கிறதாம்.

புத்தகமும் காகிதமும் ஒரே தலைப்பில்தான் வரும். பழைய கணக்கை எதற்கு இப்போது கிண்டுகிறீர்? நடந்தது நடந்துபோயிற்று. விட்டுவிடும்.

அகமது மீரான்


பாளையங்கோட்டை
14 ஜூலை 1912

அன்பு மீரானுக்கு,

இந்தக் கடிதத்தை நான் முன்பே எழுதியிருக்கவேண்டும். எழுதி எழுதிக் கிழித்தேன். ஸ்டோர்காரன் காகிதத்தை வீணாக்கலாமா என்று அதற்கு ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன்.

நீர் கொழும்பிலிருந்து கேட்ட கணக்கை நான் தப்பாகக் கொடுத்தேன். அதனால்தான் நீர் ஊருக்கு வரவில்லை.

1909 நவம்பரில் எங்களுக்குப் புது சூப்பரிண்டெண்டு துரை வந்தார். அடுத்த வருஷத்துக்கு எத்தனை ரீம் வேண்டும் என்று கேட்டார். ஆயிரத்து எழுநூறு என்றேன். மேசைமேல் கிடந்த பழைய பத்திரிகையை எடுத்து, "உம்முடைய அட்டவணையில் அறுநூறு என்று இருக்கிறதே?" என்றார். "அது சிலோனுக்குப் போனதைக் கழித்தது ஐயா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "காகித மில்காரன் அதைக் கழித்துவிட்டா உமக்கு விற்கிறான்?" என்று கேட்டார்.

மீரான், அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விளங்கிற்று. உம் முதலாளி காகிதம் விற்கிறவர். காகிதத்தை யார் வாசிக்கிறான் என்பதா அவருக்கு முக்கியம்? எங்கே வாங்குகிறார்கள் என்பதுதானே? ஆயிரத்து அறுநூறு ரீமும் பாளையங்கோட்டையில்தான் வாங்கப்பட்டது. அதில் ஆயிரத்தை நான் என் மனச்சாட்சி என்ற பேரில் தூக்கிக் கடலுக்கு அந்தப் பக்கம் போட்டேன். உங்கள் அறிக்கையிலோ புத்தகமும் காகிதத்தோடு ஏற்கெனவே சேர்ந்திருந்தது என்று நீரே எழுதினீர். அப்படியானால் அங்கே அது இரண்டு தடவை ஏறிவிட்டது. உள்ளபடி எழுதியிருந்தால் பத்து வருஷத்தில் நாங்கள்தான் பாய்ந்து ஏறியிருக்கிறோம். ஒரு பாதிரிமார் ஸ்டோர்காரனைத் தவிர வேறு எவனும் செய்யமாட்டாத முட்டாள்தனம்.

தப்பு செய்தது கூடப் பெரிதில்லை. தெரிந்த பிறகு இரண்டு வருஷமும் எட்டு மாதமும் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதுதான் என்னைத் தின்கிறது. அப்போதே எழுதியிருந்தால் உம் முதலாளி யோசித்திருப்பார். ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்றவன் எப்படி உட்காருவது? அச்சில் என் பேர் இருந்தது. அந்தப் பேருக்காக உம்மை அங்கேயே விட்டுவிட்டேன். ஓடு மாற்றியது, வண்டி வைத்தது, பாய் அனுப்பியது எல்லாம் இதற்காகத்தான். உம் மனைவி என்னைப் பிரியமுள்ளவன் என்கிறாள்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் எலிசபெத் ஜைனம்புவைக் கண்டித்திருக்கிறாள். பிள்ளை கொஞ்ச நாளாக நோட்டில் ஒரு பக்கத்துக்கு நாலே எழுத்து, கொட்டை கொட்டையாக எழுதுகிறாளாம். பத்து நாளில் ஒரு நோட்டு காலி. ஏன் இப்படிப் பாழாக்குகிறாய் என்று கேட்டதற்கு, "நெறைய எழுதினா நெறைய நோட்டு வாங்கணும்லா டீச்சர். இங்கன காகிதம் நெறைய வித்தா வாப்பா கட இங்க வந்துரும்லா" என்றிருக்கிறாள். இங்கே காகிதம் வாங்க ஆளில்லாததால் வாப்பா வரவில்லை என்று தாய் எப்போதோ சொன்னதை அந்தப் பிஞ்சு இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எலிசபெத் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அழுதாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலையே இருவரும் மேலப்பாளையம் போனோம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "தாயி, ஒன் புருஷன் வராததுக்கு நான்தான் காரணம்" என்று ஆரம்பித்து, கழித்தது கூட்டியது எல்லாம் சொல்லி முடித்தேன். உம் மனைவி கடைசி வரை கேட்டாள். பிறகு, "அவுக எந்தக் கணக்கயும் ரெண்டு தரம் கூட்டிப் பாக்காம ஒருத்தர் கையில குடுக்க மாட்டாவளே, அண்ணாச்சி" என்றாள்.

வழியில் எலிசபெத், "அவ என்ன சொல்லுதான்னு வெளங்குதா? ஒங்க தப்ப அவரும் பாத்திருப்பாருல்லா" என்றாள். சிநேகிதனைப் பற்றி அப்படி நினைக்காதே என்று அவளை அதட்டினேன். உம் முதலாளிக்குச் சரியான கணக்கை என் கையாலேயே எழுதி, தப்பு முழுவதும் என்னுடையது என்று கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவரிடம் கொடும். இப்போதாவது பார்க்கட்டும்.

என்னை மன்னிக்க முடியாவிட்டால் அதையும் எழுதும். நான் தாங்கிக்கொள்வேன்.

சுவிசேஷமுத்து


கண்டி
22 ஆகஸ்டு 1912

சுவிசேஷமுத்துவுக்கு,

நோன்பு மாதம். பொய் எழுதக்கூடாத மாதம். மற்ற மாதமாயிருந்தால் உம்மை மன்னித்துவிட்டதாக ஒரு வரி எழுதி முடித்திருப்பேன். நீரும் நிம்மதியாகப் போயிருப்பீர்.

பீவி சொன்னது சரி. உம் அட்டவணை வந்த அன்றே பார்த்துவிட்டேன். பென்சிலால் பக்கத்திலேயே திருத்தியும் எழுதினேன். ஆயிரத்து அறுநூறு என்று வந்தது. முதலாளி அதைப் பார்த்திருந்தால் அந்த மாதமே என்னைக் கப்பலேற்றியிருப்பார். பென்சிலை அழித்துவிட்டு, நீர் எழுதியபடியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உம்மிடம் கணக்குக் கேட்டு எழுதியது பொய் இல்லை. அப்போது மெய்யாகவே வரத்தான் நினைத்தேன், நம்பும். கொழும்பில் கொம்பனித்தெருவில் ஒரு மலாய்க்காரர் வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்தேன். அவருடைய மகள் புருஷனை இழந்தவள். 1907இல் அவளை நிக்காஹ் செய்துகொண்டேன். ஊருக்கு எழுதத் தைரியமில்லை. கிளை திருநெல்வேலியில் என்றால் அல்லாஹ்வே வழிகாட்டிவிட்டான் என்று அவளிடம் பேசி விடைபெற்று வந்துவிடலாம் என்றிருந்தேன். உம் அட்டவணை வந்த வாரத்தில் எங்களுக்கு மகன் பிறந்தான். அவனைக் கையில் வாங்கிய பிறகு என்னால் முடியவில்லை. பார்த்திராத பிள்ளையை விடப் பார்த்த பிள்ளை கனமாக இருந்தது. உம் பிழை அப்போது எனக்கு ஒரு வாசல் போல வந்தது, நுழைந்துவிட்டேன்.

நீர் ஓடு மாற்றியதும் பாய் அனுப்பியதும் எதற்கென்று ஊகித்தேன். அறிக்கைத் தலைப்பைப் பற்றிக் கேட்டீரே, அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் பேசாமல் இருந்தேன். என் வீட்டை நீர் பார்த்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இதைவிட வெட்கக்கேடான வாக்கியத்தை நான் எழுதியதில்லை.

ஒரே ஒரு உபகாரம் கேட்கிறேன். ஹமீது பீவியிடம் சொல்லாதேயும். அவளுக்குச் சந்தேகம் இருக்கட்டும், நிச்சயம் வேண்டாம். தெருவில் எல்லாரும் உம் கணக்குப் பிழையால் வந்த வினை என்று நினைத்துக்கொள்ளட்டும். அதனால் உமக்குப் பெரிய கெடுதல் வராது. எனக்கு ஊரில் முகம் மிஞ்சும். நாற்பது வயதுக்கு மேல் மனிதனுக்கு அது வேண்டியிருக்கிறது.

நீர் முதலாளிக்கு எழுதியதை நான் கொடுக்கவில்லை.

மீரான்


பாளையங்கோட்டை
20 செப்டம்பர் 1912

மீரானுக்கு,

உம் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் சரி என்றுதான் இருந்தேன். நான் கழித்ததுதானே இத்தனைக்கும் ஆரம்பம், பழியும் என்னோடு கிடக்கட்டும், பழகிப்போன பாரம்தானே என்று நினைத்தேன். ஒன்று சொல்கிறேன், கேலி செய்யாதேயும். உம் கடிதம் எனக்கு ஆறுதல் தரவில்லை. என் பிழையால் நீர் வரவில்லை என்று அழுதபோது எனக்கு ஒரு நல்ல சிநேகிதன் இருந்தான். அவனுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று துடித்தேன். அந்தத் துடிப்பே பரவாயில்லை.

நீர் செய்தது நான் செய்ததைக் கழித்துவிடவும் இல்லை. 1909 நவம்பரிலேயே நான் வாய் திறந்திருந்தால் நீரும் அப்போதே எனக்கு உண்மையைச் சொல்லவேண்டி வந்திருக்கும். ஹமீது பீவிக்கு மூன்று வருஷம் மிஞ்சியிருக்கும். அது என் கணக்கில்தான் நிற்கிறது, நிற்கட்டும்.

பெருநாள் கழியும்வரை பொறுத்தேன். பண்டிகைக்குப் பிள்ளைக்குப் புதுப் பாவாடை எடுத்திருந்தார்கள், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. நேற்றுப் போனோம். நானாகச் சொல்லும் எண்ணத்தோடு போகவில்லை. கேட்டால் பொய் சொல்வதில்லை என்ற முடிவோடு மட்டும் போனேன். அவள் கேட்டாள். "கண்டியிலேருந்து காயிதம் வந்துச்சாமே. தபால்காரர் சொன்னாரு. என்ன எழுதியிருக்காவ?" என்றாள். எலிசபெத் என் முகத்தைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தோம். "எனக்குத் தெரியும் அண்ணாச்சி. மொதல்லல்லாம் ‘வாரேன், வாரேன்’னு எழுதுவாவ. கண்டிக்குப் போனதுக்குப் பெறகு ‘சுகமா இருங்க’ன்னுதான் எழுதுதாவ. வாரவுக அப்படி எழுத மாட்டாவள்லா" என்றாள். நாலு வருஷமாக உம்முடைய ஒவ்வொரு கடிதத்திலும் அந்த ஒரு வார்த்தை இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். நான் அவளுக்கு ஓடு மாற்றிக் கொண்டிருந்தேன்.

ஜைனம்புவை எலிசபெத் உள்ளே கூட்டிப்போனாள். அதற்கப்புறம் உம் மனைவி முதல் தடவையாகக் கதவைத் திறந்துகொண்டு வந்து என் முன்னே நின்றாள். முக்காட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். "புள்ளைக்கு என்ன பேரு, அண்ணாச்சி?" என்று கேட்டாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. "ஜைனம்புக்குத் தம்பில்லா. நாளைக்கு அவ கேட்டா நான் என்ன பேரு சொல்ல?" என்றாள்.

நான் உம் கடிதத்தை எடுத்து, அவள் எதிரிலேயே இரண்டு பக்கமும் தேடினேன். நீர் அதை எழுதவில்லை.

அவளுக்கு எழுதும். எனக்கு வேண்டாம்.

சுவிசேஷமுத்து